மணல் டெஸ்க்கும் இருபது கொண்டை ஊசி வளைவும்

1896-இல் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட டெஸ்க்குக்குக் காப்புரிமை கொடுத்தார்கள். மணலுக்கு ஓர் இடம், களிமண்ணுக்கு ஓர் இடம், அச்சு செய்யத் தட்டு, தண்ணீருக்குக் கிண்ணம் என்று பிரித்துப் பிரித்து வைத்த டெஸ்க். புவியியலும் அறிவியலும் படிக்கிற பிள்ளைகளை மனதில் வைத்து அதை வடிவமைத்தவர் ஓர் ஆசிரியை. பெயர் ஜோனியா பேபர். பேப்பர் இல்லை, பேபர். பேப்பரை மட்டும் வைத்துக்கொண்டு புவியியல் நடத்துவதை ஒப்புக்கொள்ளாதவருக்கு இப்படியொரு பெயர் அமைந்தது வேடிக்கைதான்.

முழுப்பெயர் மேரி அரிசோனா பேபர். அரிசோனாவின் வால்தான் ஜோனியா. 1862-இல் பிறந்தார். பிறந்த ஊர்ப் பக்கம் கான்சாஸ். மேல்படிப்புக்குப் பள்ளி இல்லாததால் உறவினர் வீட்டில் தங்கிப் படித்தது பாரிஸ். இரண்டும் இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர்கள். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் புவியியல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு அவர் வாழ்க்கையின் முதல் பக்கமே போதும். சிகாகோ பக்கத்தில் குக் கவுண்டி ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் அதன் தலைவரும் புதுமுறைக் கல்வியாளருமான பிரான்சிஸ் பார்க்கரிடம் பயின்று, 1890 முதல் 1899 வரை அங்கேயே புவியியல் கற்பித்தார். 1898-இல் சிகாகோ புவியியல் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவர். பிறகு அதன் தலைவர். 1901-இலிருந்து 1921 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தின் கல்வியியல் துறையில் ஆசிரியர். அங்கே பட்டம் வாங்கியது 1904-இல்தான். ஆசிரியர்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வாங்கிய பட்டம் அது.

அவர் விட்டுப்போனதில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பதவிகள் இல்லை, ஒரு வரிசை. முதலில் வெளியே போய்ப் பார்க்க வேண்டும். வந்து கையால் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு வரைபடம், கடைசியில் புத்தகம். நம் பள்ளிகளில் இந்த வரிசை தலைகீழாக ஓடுகிறது. புத்தகம் முதலில், வரைபடத்தில் ஊர் குறிப்பது தேர்வுக்கு. கையால் செய்வது கண்காட்சிக்கு வரும் அதிகாரிக்காக, அதுவும் கடையில் வாங்கிய தெர்மாகோல் மலை. வெளியே போவது சுற்றுலா: சேலத்துப் பிள்ளைகள் ஏற்காட்டுக்குப் போய் போட்டிங் போய், மிளகாய் பஜ்ஜி தின்று, பஸ்ஸில் பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பாடப்புத்தகத்தின் பாதி அத்தியாயங்கள் அந்த ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும்.

பேபரின் வரிசையைச் சேலத்தில் நடத்துவது எப்படி என்று பார்ப்போம். செலவு பெரிதில்லை. பிசகுகிற இடங்கள்தான் நிறைய.

மணல் மேசையிலிருந்து தொடங்கலாம். 90 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்தில் ஒரு மரத்தட்டு. உள்ளே தடித்த பாலித்தீன் ஷீட்டை மூலை மடித்து விரிக்க வேண்டும். மூலையில் வெட்டினால் அங்கேயே ஒழுகும். 6 செ.மீ. உயரத்துக்கு மணல் நிரப்பினால் ஏறக்குறைய 32 லிட்டர், 50 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டை எடை. ஆகவே தட்டை எங்கே வைப்பது என்று முடிவுசெய்துவிட்டு மணலைப் போடுங்கள். ஆற்று மணல் தேடி அலைய வேண்டாம். பூச்சு வேலைக்கு வரும் பி-சாண்ட் போதும். வந்ததும் வாளியில் போட்டு இரண்டு தடவை அலசுங்கள். அலசாவிட்டால் அதிலுள்ள கல்தூள், நனைந்து காய்ந்து, மேலே ஓடு மாதிரி இறுகிவிடும். தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும் வரை அலசினாலும் தப்பு, மணல் பிடிப்பு இல்லாமல் சரியும். கொஞ்சம் கலங்கலாக இருக்கும்போதே நிறுத்திவிடலாம்.

ஈரப் பதம்தான் முக்கியம். கையில் ஒரு பிடி அள்ளி அமுக்கித் திறந்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக்கூடாது. புட்டு மாவு பதம் என்றால் சமையலறை தெரிந்தவர்களுக்குப் புரியும். காய்ந்த மணலில் தண்ணீர் விட்டால் ஓடாது, உறிஞ்சிக்கொள்ளும்; பத்து நிமிடம் கழித்து அடிவாரத்தில் ஊற்றாகக் கிளம்பும். அதுவும் ஒரு பாடம்தான், ஆனால் நாம் நடத்த வந்தது அதுவல்ல.

ஒரு பக்கமாக மலையைக் குவித்து, அந்தப் பக்கத்துக் கால்களுக்குக் கீழே 5 செ.மீ. கட்டை கொடுத்தால் தட்டு சுமார் 3 டிகிரி சாயும். மேலே ஒரு வாளி, மீன்தொட்டிக்கு விற்கும் மெல்லிய குழாய், அதை இறுக்க ஒரு கிளிப். ஒரு டம்ளர் நிரம்ப அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் ஆகிற வேகத்தில் தண்ணீர் விழ வேண்டும். பிள்ளைகள் குழாயை முழுக்கத் திறந்துவிடுவார்கள். திறந்தால் நேராக ஒரு வெட்டு விழுந்து ஐந்து நிமிடத்தில் மலை போய்விடும், வளைவும் வராது கிளை ஓடையும் வராது. மெதுவாக விட்டால் உச்சியில் குறுகின ஓடை, அடிவாரத்தில் விசிறி போல் படியும் மணல், சமவெளியில் இடம் வலமாக அலையும் ஆறு என்று மூன்றும் ஒரே தட்டில் தெரியும். கடைக்கோடியில் வடிகால் துளைக்குக் கொசுவலைத் துண்டு கட்டுங்கள். கட்டாவிட்டால் முதல் நாளே அடைத்துக்கொண்டு சமவெளி முழுக்க வெள்ளம்.

இதே தட்டில் கொண்டை ஊசி வளைவுகளையும் கண்டுபிடிக்க வைக்கலாம். சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை. 10 செ.மீ. உயரத்தில் மலை, கையில் ஒரு சிவப்பு நூல். நிபந்தனை ஒன்றே: நூல் 20 செ.மீ. போனால் 1 செ.மீ.தான் ஏறலாம். உச்சிக்குப் போக 2 மீட்டர் நூல் வேண்டும், தட்டோ 90 செ.மீ. நீளம். நேராகப் போக முடியாது. சுற்றிச் சுற்றிப் போனாலும் பள்ளத்தாக்கு மறிக்கும். கடைசியில் திரும்பி வளைந்தே ஆக வேண்டும். தங்கள் மலைக்கு எத்தனை வளைவு வந்தது என்று எண்ணிவிட்டு, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு இருபது ஏன் என்று அவர்களே சொல்வார்கள். எழுதி வைத்த விடையை ஒப்பிக்கிறவர்கள் சொல்கிற மாதிரி இருக்காது.

அதன் பிறகு சம உயரக் கோடு. ஒரு குச்சியில் 2 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு, மலையைச் சுற்றி ஒவ்வொரு உயரத்திலும் ஊசியால் புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோலமாவால் இணைக்கச் சொல்லுங்கள். விரலிடுக்கில் மாவைக் கசியவிடும் பழக்கம் வீட்டில் இருக்கிற பிள்ளைகள் இதில் முந்திவிடுவார்கள். கோட்டை ஓரிடத்தில் உடைத்தோ ஒன்றை இன்னொன்றின் மேல் ஏற்றியோ போட்டால் எங்கோ உயரம் தப்பாக அளந்திருக்கிறார்கள். கோடு நெருங்குகிற இடம் செங்குத்து, விலகுகிற இடம் மிதமான சரிவு என்பதை விரலால் தடவித் தெரிந்துகொள்வார்கள். மேசைக்கு மேலே ஸ்டூல் போட்டு நேர் மேலிருந்து ஒரு போட்டோ எடுத்தால் அதுதான் அவர்களுடைய முதல் தலப்படம்.

பயணத்துக்கு முன்னால் இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத் தாளைக் காட்ட வேண்டும். தாள்களுக்கு இருந்த பழைய எண் வரிசையில் சேலம் நகரம் 58 ஐ/2, ஏற்காடு அதற்கு மேல் 58 ஐ/1. நகரம் ஒரு தாள், மலை இன்னொரு தாள். இரண்டையும் ஒட்டிப் பார்த்தால்தான் மலையிலிருந்து இறங்குகிற ஓடை நகரத்துக்குள் நுழைவது தெரியும். ஒட்டாமல் ஒரே தாளை வைத்துப் பாடம் நடத்துகிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

நாள் தேர்வு: மே மாதம் கோடை விழாக் கூட்டம், அக்டோபர், நவம்பரில் மழையும் மூடுபனியும். டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை வானம் ஓரளவு தெளிவாக இருக்கும். நாற்பது பேர் என்றால் ஆறேழு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு குறிப்பேடு. ஆய்வகத்து ஆல்கஹால் தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. பையை மூடியே வையுங்கள், மலைப்பாதைக் குரங்குகளுக்கு நோட்டுப் புத்தகமும் தின்பண்டப் பொட்டலமும் ஒன்றுதான். வண்டியை வளைவில் நிறுத்தவே கூடாது. ஓரம் அகன்ற இடங்களில் மட்டும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500. உயரம் கூடக் கூட, கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் வெப்பம் குறையும் என்ற புத்தகக் கணக்கின்படி 8 டிகிரி வித்தியாசம் வர வேண்டும். பெரும்பாலும் வராது. வராதபோது பல ஆசிரியர்கள் கணக்குக்கு ஏற்றபடி எண்ணைத் திருத்தச் சொல்லிவிடுகிறார்கள். காரணம் எளிது: கீழே காலை ஒன்பதுக்கு அளந்தீர்கள், மேலே பதினொன்றுக்கு. அந்த இரண்டு மணி நேரத்தில் வெயில் ஏறிவிட்டது. ஒரு தெர்மாமீட்டரைப் பள்ளியிலேயே ஒருவரிடம் விட்டுவிட்டு, மேலே அளக்கும் அதே நிமிடத்தில் போன் போட்டுக் கேளுங்கள். இரண்டு இடத்திலும் நிழலில், நெஞ்சு உயரத்தில், தரையையும் சுவரையும் பஸ்ஸையும் விட்டு விலகி, மூன்று நிமிடம் பிடித்த பிறகே படிக்க வேண்டும். குமிழில் விரல் பட்டால் மறுபடி முதலிலிருந்து. இப்படிச் செய்தும் ஒன்றிரண்டு டிகிரி முன்பின் வந்தால் விட்டுவிடுங்கள். மேகம், காற்று, மரநிழல் எல்லாம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது.

காற்றழுத்தத்துக்குக் கருவியே வேண்டாம். ஏற்காட்டில் காலியான தண்ணீர் பாட்டிலை அங்கேயே இறுக்கி மூடிப் பையில் போட்டு அடிவாரம் வந்து பார்த்தால் ஒடுங்கியிருக்கும். உள்ளிருக்கும் காற்றின் கன அளவு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைகிறது. போகும்போது சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே உப்பிக்கொண்டு நின்றதற்கும் அதே காரணம். வாய் சரியாக மூடாத பாட்டில் ஒன்றும் காட்டாது, பிள்ளைகள் ஆசிரியரைத்தான் சந்தேகப்படுவார்கள். இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாறை விஷயத்தில் சேலத்துக்கு இணையான மாவட்டம் தமிழ்நாட்டில் குறைவு. பேபர் மாணவர்களோடு போன இல்லினாய் மேசன் ஓடைப் பகுதியில் இரும்புச்சத்துள்ள உருண்டைக் கற்களைப் பிளந்தால் முப்பது கோடி ஆண்டுக்கு முந்தைய இலையும் பூச்சியும் அச்சாகக் கிடக்கும். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் அப்படித் தேடி ஏமாற வேண்டாம். இங்கே இருப்பது சார்னோகைட், சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய கல். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த வகை என்பதால் 1893-இல் புவியியலாய்வாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். வெளித்தோல் பழுப்பாக, சாதாரணமாக இருக்கும். சாலைக்கு வெட்டிய புது முகத்தில் கருநீலச் சாம்பல் நிறமும் எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கமும் தெரியும். சுத்தியல் எடுத்துப் போக வேண்டாம். வெட்டுமுகத்தைப் பார்த்தாலே போதும், தெறிக்கிற சில்லுக்குக் கண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை. உச்சிப் பகுதியில் இதே பாறை மழையில் கரைந்து கரைந்து மிஞ்சியதுதான் அலுமினியத் தாதுவான பாக்சைட்.

மலைக்குக் கீழே வெள்ளையாகத் தெரிகிற மேடுகளுக்கு வெள்ளைக்காரன் சாக் ஹில்ஸ் என்று பெயர் வைத்தான். அங்கே சாக் இல்லை. இருப்பது மேக்னசைட், உலைச் செங்கலுக்குப் போகிற வெள்ளைக்கல். வேதியியல் ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே நுரைக்கும், மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அசையாது. பொடித்தாலோ சூடாக்கினாலோதான் நுரைக்கும். படத்தில் அச்சான பெயரே தப்பாக இருக்கலாம் என்று ஒரு சொட்டில் நிரூபிப்பது எட்டாம் வகுப்புக்கு எவ்வளவு பெரிய விஷயம்! மேற்கே கஞ்சமலை. மழை வடிந்த ஓடை மணலில் காந்தத்தை உருட்டினால் கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டும். அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. காந்தத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு உருட்டுங்கள். உறையைக் கழற்றினால் மணல் உதிரும். நேராகத் தேய்த்தால் அந்தத் துகளைப் பிரித்தெடுக்க ஒரு ஆயுள் போதாது.

ஏற்காட்டில் கீழே பள்ளத்தாக்கு தெரிகிற லேடீஸ் சீட் என்ற இடத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அட்டையில் 15-க்கு 10 செ.மீ. ஜன்னல் வெட்டி, கை நீட்டிப் பிடித்து, அதற்குள் தெரிவதை மட்டும் வரைய வேண்டும். முதலில் அடிவானக் கோடு, பிறகு தூரம், நடு, கிட்ட என்று மூன்று பட்டை. சொல்லாமல் விட்டால் சூரியனையும் இரண்டு காக்கையையும் போட்டுவிடுவார்கள். மலையை உயரமாகவும் வரைவார்கள். கண் உயரத்தைப் பெரிதாகக் காட்டும். பென்சிலை நீட்டிப் பிடித்து உயரத்தையும் அகலத்தையும் ஒப்பிட்டால் மலை எவ்வளவு தட்டை என்று அவர்களுக்கே ஆச்சரியம்.

தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு சேர்வராயன் உச்சி நல்ல இடம். சுமார் 1,620 மீட்டர். வடக்குச் சரிவில் விழும் மழை வாணியாறாகித் தென்பெண்ணையில் சேர்ந்து கடலூர்ப் பக்கம் கடலுக்குப் போகும். தெற்கே திருமணிமுத்தாறு சேலம் நகரத்தின் நடுவே புகுந்து, அங்கே படாத பாடு பட்டு, காவிரியில் விழும். மேலே குகைக் கோயிலில் சேர்வராயன் சாமிக்குத் துணையாகக் காவேரியம்மன் இருக்கிறாள். நீர் பிரியும் முகட்டில் எந்த ஆற்றின் பெயரை வைத்தார்கள் பாருங்கள்.

திரும்பி வந்த மறுநாள், குறிப்பேட்டைப் பார்க்காமல் மலையை மணலில் எழுப்பச் சொல்லுங்கள். எதைப் பார்த்தார்கள், எதைப் பார்த்ததாக நினைத்தார்கள் என்பது அப்போது தெரியும். நிரந்தர மாதிரி வேண்டுமானால் அட்டைப்பெட்டி அட்டை. 1:50,000-இல் 100 மீட்டருக்கு 2 மி.மீ.தான் நிஜ உயரம். 3 மி.மீ. அட்டை ஒன்றுக்கு 100 மீட்டர் என்று அடுக்கினால் உயரம் ஒன்றரை மடங்கு மிகை, கண்ணுக்கு இயல்பாக இருக்கும். 300-லிருந்து 1,600 வரை பதினான்கு அடுக்கு, நாலேகால் செ.மீ. கண்காட்சிக்காக 12 மி.மீ. தெர்மாகோல் அடுக்கினால் ஆறு மடங்கு மிகையாகிவிடும். 20 டிகிரிச் சரிவு 65 டிகிரியாக நிற்கும். சேர்வராயன் இமயமலையாகிவிடும், அப்புறம் அதில் காப்பித் தோட்டம் எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் இல்லை.

பள்ளியை விட்டு நகரவே முடியாதவர்களுக்கும் ஒன்று உண்டு. ஆகஸ்ட் 22-ஐ ஒட்டிய நாட்களில் சேலத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மைதானத்தில் குழாய்த் துண்டு ஒன்றைத் தூக்குநூல் வைத்து நிமிர்த்தி நிறுத்தினால் நிழல் மறையும், ஆனால் 12 மணிக்கு இல்லை, 12.20 வாக்கில். இந்திய நேரம் 82.5 டிகிரித் தீர்க்கரேகைக்கு, சேலம் இருப்பது 78-ஐக் கொஞ்சம் தாண்டி. டிகிரிக்கு நாலு நிமிடம், அதோடு அந்த மாதத்துச் சூரியனின் மூன்று நிமிடத் தாமதம். பன்னிரண்டு மணிக்குப் பார்த்துவிட்டு மேகம் என்று சொல்லிக் கலைந்துவிடாதீர்கள்.

பேபருடைய பிற்காலத்தை மண்ணும் மணலும் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சமாதானத்துக்கும் சுதந்திரத்துக்குமான பெண்கள் சர்வதேசச் சங்கத்தில் தீவிரமாக இருந்தார். 1926-இல், அமெரிக்கப் படை ஆக்கிரமித்திருந்த ஹைட்டிக்கு, அதே சங்கத்தின் எமிலி பால்ச் தலைமையில் போன ஆறு பேரில் ஒருவர். ஹைட்டியின் சுதந்திரத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அந்தக் குழுவின் அறிக்கை 1927-இல் புத்தகமாக வந்தது. போர்ட்டோ ரிக்கோவுக்கும் போய்ப் பெண்களின் வாக்குரிமைக்காகப் பேசினார். 1956-இல் இறக்கும்போது வயது 93. புவியியல் வகுப்பில் பிற மக்கள்மீது மரியாதை பிறக்கவில்லையென்றால் பாடம் முடியவில்லை என்ற பிடிவாதம் அவருக்கு. களப்பயணத்தையும் அரசியலையும் அவர் தனித்தனியாக வைத்திருக்கவில்லை என்பது என் எண்ணம். தானே போய்ப் பார்க்காமல் ஒரு மக்களைப் பற்றிப் பேசாதே என்பதுதான் இரண்டிலும்.

ஏற்காட்டுக்கு வந்தால் இது உடனே உரசும். இந்த மலையின் பழங்குடிகளை மலையாளிகள் என்கிறோம். கேட்டவுடன் பாதிப் பிள்ளைகள் கேரளம் என்பார்கள். பேசுவது தமிழ், வந்தது காஞ்சிபுரத்திலிருந்து என்பது அவர்களின் வழிவழிக் கதை, மலையில் வாழ்கிறவர்கள் என்பது பெயரின் பொருள். நாற்பது பேரை ஊருக்குள் கூட்டிக்கொண்டுபோய் வேடிக்கை பார்க்க வைப்பதை விடப் போகாமலே இருக்கலாம். போவதானால் முன்னாலேயே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, ஏழெட்டுப் பேர் மட்டும், கேள்விகளைத் தயாரித்துக்கொண்டு. சாப்பாடு என்ன, சாமி என்ன என்ற கேள்விகள் வேண்டாம். சாமை எந்தச் சரிவில் விளைகிறது, கோடையில் எந்த ஊற்று வற்றாது, அடிவாரத்துக்கு நடந்து இறங்கினால் எந்தத் தடம், எவ்வளவு நேரம் என்று கேளுங்கள். நில அளவைத் தாளின் மேல் ஒரு டிரேசிங் பேப்பரை வைத்து, அவர்கள் சொல்வதைப் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். தடம் ஓடையைக் கடக்கிற இடத்தில் சின்ன வட்டம், ஊற்றுக்கு ஒரு புள்ளி, பெயரை அவர்கள் உச்சரிக்கிறபடியே. குறித்து முடித்த பேப்பரின் நகல் ஒன்றை அடுத்த வாரம் அந்த ஊருக்கே கொண்டுபோய்க் கொடுத்து, எங்கே தப்பு என்று கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.